டீக்கடையைப் பார்த்த கிளிப்

அண்ணா,

இன்று காலை உங்கள் வண்டி என் பட்டறைக்கு வந்தது. நீங்கள் இல்லாமல் அது வருவது இதுதான் முதல் தடவை. உங்கள் மகள் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, "செயினு கடகடன்னு அடிக்குதுங்க சித்தப்பா, புதுசு மாத்திருங்க. நாமக்கல்லுல வேல கெடச்சிருக்குது, வண்டிய அங்க எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். பேச்சில் ஒரு சொல் கூட வீணாகவில்லை. யார் பெண்!

வேலையைத் தொடங்கும் முன் பக்கப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே வண்டிப் புத்தகம், ஒரு பத்து-பன்னிரண்டு ஸ்பானர், கூடவே ஆரஞ்சு நிறத் துணியில் சின்ன முடிச்சு ஒன்று. துணி எதிலிருந்து கிழித்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தண்டவாளத்தில் நடக்கும்போது நீங்கள் போடும் அந்த மேல்சட்டைதான். அவிழ்த்தேன். மூன்று செயின் கிளிப்புகள் இருந்தன. இரண்டு கறுப்பு, ஒன்று பொன் நிறம். பொன் நிறக் கிளிப்பில் ஒரு கால் இல்லை. ஒடிந்திருந்தது.

கையில் கிரீஸ் கூடப் படவில்லை, அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கிளிப்பைப் பற்றி ஒன்பது வருடத்துக்கு முன் நீங்கள் என்னிடம் சொன்னது வேறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். திட்டுவதற்கா, கும்பிடுவதற்கா என்று எழுதி முடிக்கும்போது எனக்கே தெரியலாம்.

நீங்கள் முதன்முதலாக என் பட்டறைக்கு வந்த நாள் எனக்கு மறக்காது. அப்போது எனக்கு நாற்பது வயது. இந்தச் சூரமங்கலத்தில் செயின் என்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர் நீங்கள். ரயில்வேயில் கீமேன் வேலை. தினமும் மைல் கணக்கில் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, தளர்ந்ததைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் வேலை. அது எனக்கு அப்போது தெரியாது. மெலிந்து, வெயிலில் கறுத்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி ஓட்டாத ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் கோடு பார்த்துச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, சத்தமே வராத மாதிரி செயினை இறுக்கி வைத்தேன். கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "பாருங்க, வீணைக் கம்பி மாதிரி நிக்குது" என்றேன். நீங்கள் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினீர்கள். நாலு விரல் அளவு சுற்றுவது, தொட்டுப் பார்ப்பது, மறுபடியும் நாலு விரல் சுற்றுவது. ஐந்து நிமிடம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த எடத்துல மட்டும் இன்னும் இறுக்கமா இருக்குதுங்க சாமி" என்றீர்கள். "பழைய செயினு ஒரே மாதிரி தேயாதுங்களே. இறுக்கமான எடம் எதுன்னு பாத்து, அங்க தொய்வு இருக்கற மாதிரி உடோணும். தொளதொளன்னு இருக்கற எடத்தப் பாத்து முடுக்குனா, இறுக்கமான எடம் செத்துப்போயிரும்."

எனக்குச் சுருக்கென்றது. அதோடு விட்டீர்களா? "நான் ஏறி உக்காந்தா இன்னும் இறுகுமுங்களே?" என்று அடுத்த கேள்வி. ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், அமுங்கினால் செயின் இன்னும் விறைக்கும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் சத்தம் வராத செயினைத்தான் வருகிறவர்கள் கேட்கிறார்கள், அதனால் அப்படியே பழகிவிட்டேன். "உங்கள மாதிரி ஒல்லி ஆளு ஏறுனா ஒண்ணும் ஆகாதுங்க" என்று கிண்டலாகச் சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். அக்காவின் உடம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, இந்த மடல் என்றாவது அவர் கண்ணில் படும்.

"ஏனுங்க, வண்டிக்கு செயினு முடுக்கறதுக்கு என்ற ஒடம்பு எதுக்குங்க? இதென்ன எட போடற எடமா?" என்று அக்கா ஊரே கேட்கச் சத்தம் போட்டார். நீங்கள் முன்னால், அக்கா பின்னால். நான் தரையில் படுத்துச் செயினைத் தொட்டேன். விறைப்பாக நின்றது. ஒரு மயிரிழை கூட ஆடவில்லை. எழுந்து தளர்த்தி விட்டேன். வேறு பட்டறைகளில் இப்படியே முடுக்கி, உங்கள் வண்டியில் இரண்டு வருடத்தில் இரண்டு தடவை முன்பல்சக்கரம் தேய்ந்துபோனது ஏன் என்று அன்றைக்குத்தான் உங்களுக்கு விளங்கியது. எனக்கும்தான். எத்தனை பேர் வண்டியை நான் இப்படித் தேய விட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் வருவதும், டீ குடிப்பதும், அக்கா திட்டிக்கொண்டே ஏறி உட்காருவதும் வழக்கமாகிவிட்டது. உங்களை மாதிரி ஒரு ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை அண்ணா. தப்பைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. கண்டுபிடித்த பிறகும் எதிரில் நிற்கிறவனைச் சின்னவனாக்காதவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கிளிப்பைத் தட்டிப் பார்க்கிற ஆளுக்கு அலுப்பு வராதா என்று கேட்டேன். "ஒவ்வொண்ணும் புதுசுதானுங்க சாமி. நேத்து நல்லா இருந்துச்சுன்னு இன்னைக்குத் தட்டாம போவ முடியுங்களா?" என்றீர்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

குடிநீர்க் குழாய் போட என் பட்டறைக்கு முன்னால் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வழக்கமாக வண்டிகளை எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்த மாதிரி நிறுத்துவேன். அன்று பக்கத்துச் சந்து வழியாக உள்ளே கொண்டுவந்ததால், எல்லா வண்டியும் டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அதனால் என்ன என்று கேட்பார்கள். உங்கள் மகளும் கேட்பாள். அவளுக்காகச் சொல்கிறேன். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கிற இணைப்பு கழலாமல் பிடித்திருப்பது இந்தச் சின்னக் கிளிப்தான். ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் இரண்டு காலாகப் பிளந்த வாய். செயின் ஓடும்போது தலை முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். வாய் முன்னால் போனால், எதிலாவது உரசிக் கிளிப் பிடுங்கிக்கொள்ளும். கிளிப் போனால் இணைப்பு போகும். மலைப்பாதையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது செயின் அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

என் கைக்கு முன்னால் பின்னால் எல்லாம் தெரியாது. பதினெட்டு வருடமாக அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். தலை டீக்கடையைப் பார்க்க வேண்டும். அன்று காலையில் மூன்று செயின் மாற்றினேன். பால்காரர் ஒருவரின் வண்டி, கல்யாணமாகி ஒரு மாதம் ஆன ஒரு தம்பியின் வண்டி, கடைசியில் உங்கள் வண்டி. மூன்றிலும் தலை டீக்கடையைப் பார்த்தது. வண்டிதான் பார்க்கவில்லை.

நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து, வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினீர்கள். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றில் கை நின்றது.

"ஏஞ்சாமி, இந்தக் கிளிப்பு வாய் எந்தப் பக்கம் இருக்கோணும்?"

"இது என்னங்கண்ணா கேள்வி? தலை டீக்கடையப்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றேன். டீக்கடையைப் பார்த்தேன். உங்கள் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தேன்.

பால்காரர் பழக்கமானவர். போன் செய்து, வண்டியை எடுக்காதீர்கள் என்று நிறுத்திவிட்டேன். அந்தத் தம்பியின் நம்பர் என்னிடம் இல்லை. பொன் நிறத்தில் செயின் வேண்டும் என்று தேடி வாங்கிக்கொண்டு வந்தவர். பக்கத்தில் மனைவி, தலை நிறையப் பூ. ஏற்காடு போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

உங்கள் வண்டியின் கிளிப்பைக் கழற்றித் திருப்பிப் போடச் சொன்னீர்கள். பழையதைத் திரும்ப மாட்ட வேண்டாம், கழற்றியது வாய் விரிந்திருக்கும், புதுசு போடு என்றீர்கள். போட்டேன். பையில் இன்னும் இரண்டு கிளிப்பும் குறடும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். ஐந்து ரோட்டைத் தாண்டி அஸ்தம்பட்டி வழியாக வண்டி போகிறது. எப்போதும் போல நாற்பது. எனக்கு உயிரே இல்லை. "கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா" என்று கத்தினேன்.

"செயினு நீ மாட்டுனது சாமி. நிதானமாத்தான் போவேன்" என்றீர்கள். அந்த நேரத்திலும் ஒரு கிண்டல்! ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஐம்பதுக்கு ஏற்றினீர்கள். நீங்கள் ஐம்பதில் ஓட்டி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால் ஒரு கொய்யாப்பழ வண்டி. அதன் ஓரத்தில் பொன் நிறச் செயின் வெயிலில் மின்னியது. அந்தப் பெண் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பழம் பொறுக்குவதில் கெட்டிக்காரி, ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து எடுக்கிறவள். அந்தக் குணத்துக்கு இன்றைக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.

இறங்கும்போது உங்கள் காதில் சொன்னேன். "ஃப்ரீ செக்கப்புன்னு சொல்லிட்டு மாத்திடலாங்கண்ணா." நீங்கள் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை. அதுதான் கஷ்டம்.

"நீ போட்டத நீயே சொல்லிப்போடு சாமி. நான் சொல்ல மாட்டேன்."

போய்ச் சொன்னேன். கிளிப்பைத் திருப்பி மாட்டிவிட்டேன், என் தப்பு, மாற்றித் தருகிறேன் என்று. அந்தத் தம்பி கொதித்துவிட்டார். கொய்யாப்பழ வண்டிக்காரர், ரோட்டில் போனவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போறன்யா!" என்று கத்தினார். நியாயம்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்குள் நீங்கள் வண்டியின் அந்தப் பக்கம் குந்திவிட்டிருந்தீர்கள். "தம்பி, கொஞ்சம் இங்க வாங்க" என்று அவரைக் கூப்பிட்டீர்கள். இரண்டு பேரும் குனிந்து ஏதோ மெதுவாகப் பேசினீர்கள். சமாதானம் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடிக்கும்போது பாட்டில் பல்லில் தட்டியது.

நான் வண்டிப் பக்கம் வந்தபோது, கழற்றிய கிளிப் உங்கள் உள்ளங்கைக்குள் இருந்தது. மூடிய கை. "திருப்பித்தான் இருந்துச்சு. ஆனா கெட்டியா இருந்துச்சு சாமி, ஒண்ணும் ஆகியிருக்காது. புதுச மாட்டு" என்றீர்கள். மாட்டினேன். அந்தத் தம்பி கோபம் அடங்கி, முகம் வெளிறி, அமைதியாக நின்றார். உங்கள் பேச்சின் இனிமை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் மலையேறிப் போனார்கள்.

திரும்பும் வழியில், பட்டறையைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறேன் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இனிமேல் ஒரு ஸ்பானரைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் நேராகப் பால்காரர் வீட்டுக்கு ஓட்டினீர்கள். "சாத்தறதுன்னா சாத்திக்க. மொதல்ல இத மாட்டு" என்றீர்கள். மாட்டி முடித்ததும், "டீக்கடையப் பாக்காத சாமி. சக்கரத்தச் சுத்திப் பாரு. செயினு எந்தப் பக்கம் போவுதோ, தலையும் அந்தப் பக்கம் போவோணும். டீக்கடக்காரன் நாளைக்கே கடைய மாத்திருவான். சக்கரம் மாத்தாது" என்றீர்கள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. மறுநாள் கடையைத் திறந்தேன்.

இதுவரை எழுதியதில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இனிமேல் எழுதுவது வெட்கம். ஒரு வருடம் போனதும் எனக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. அந்தக் கதையையே பெருமையாக்கிவிட்டேன். "திருப்பி மாட்டியும் கழலாம நின்னுச்சு பாருங்க, அதான் நம்ம கை!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். உங்களிடமே எத்தனை தடவை? "ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு என்னை நடுரோட்டுல திட்டு வாங்க வெச்சீங்களே அண்ணா" என்று டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கிண்டல் செய்திருக்கிறேன். நீங்கள் டீயை ஊதிக்கொண்டே, "ஆமாங்க சாமி, கெட்டியாத்தான் இருந்துச்சு" என்று ஒத்துக்கொண்டீர்கள். அந்தத் தம்பி வருடா வருடம் வண்டியை என்னிடம்தான் கொண்டுவருகிறார். இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் டேங்க் மேல் உட்கார்ந்து வருகிறாள். அவரிடமும் இதே பெருமையைப் பேசியிருக்கிறேன். அவரும் தலையை ஆட்டுவார்.

உங்களுக்குச் சர்க்கரை முற்றி, காலில் புண் ஆறாமல் படுத்துவிட்டபோது பார்க்க வந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். செயினைப் பற்றித்தான் பேசினோம். கண்ணை மூடும் வரை நீங்கள் சொல்லவே இல்லை.

இன்று காலையில் அந்தப் பொன் நிறக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் செயின்காரன், எனக்கு அதைப் படிக்கத் தெரியும். வாயின் நுனியில் உரசிய கோடுகள். செயின் மேல்மூடியின் விளிம்பில் சுற்றுக்குச் சுற்று அடிபட்டு ஒரு கால் போயிருக்கிறது. மிச்சமிருந்த ஒரு கால் இணைப்பின் ஓர் ஊசியில் மட்டும் தொற்றிக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டி வரை வந்திருக்கிறது. மலையேறி இறங்கியிருக்காது. அந்தப் பெண் கொய்யாப்பழத்தை அமுக்கிப் பார்க்காமல் வாங்குகிறவளாக இருந்திருந்தால்?

கோபம் வந்தது அண்ணா, உங்கள் மேல். நீ போட்டதை நீயே சொல் என்று என்னை நடுரோட்டில் நிறுத்தியவர், என்னிடம் பொய் சொல்லலாமா? இத்தனை வருடம் என்னைப் பெருமை பேச விட்டுவிட்டு டீ ஊதிக் குடிக்கலாமா?

பிறகு, நீங்கள் என்னைச் செய்ய வைத்ததையே செய்தேன். அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். இப்போது நம்பர் இருக்கிறது. நம்பரை அழுத்துவதற்குள் இரண்டு டீ குடித்தேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு மலையடிவாரத்துல உங்க கிளிப்பு கெட்டியா இருக்கல. ஒடஞ்சிருந்துச்சு. இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் பேசுன பெருமையெல்லாம் பொய்யி."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது.

"தெரியுங்கண்ணா" என்றார். "அன்னைக்கே அந்த ரயில்வே அண்ணன் கைய விரிச்சு எங்கிட்டக் காட்டிட்டாரு. ஏறிப் போற உசுரு உங்களுது, அதனால உங்ககிட்ட மறைக்க மாட்டேன்னாரு. ஆனா மெக்கானிக்குகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், கை நடுங்குது, கடையச் சாத்திருவாரு, இதுக்கு மேல அவரு தப்பா மாட்ட மாட்டாரு, நீங்க இவருகிட்டயே வாங்கன்னாரு. அதான் வாரோம்."

அவர் தொடர்ந்தார். "நீங்க பெரும பேசறப்பெல்லாம் எம் பொண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பா. நீங்க கவனிச்சதில்லீங்களா?"

இல்லை. நான் எதைத்தான் கவனித்தேன்!

உங்கள் வண்டிக்குப் புதுச் செயின் மாட்டிவிட்டேன். சாயங்காலம் உங்கள் மகள் வந்தாள். நான் சொல்லாமலே குந்தி உட்கார்ந்து சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். நாலு விரல், தொட்டுப் பார்ப்பது, மறுபடியும் நாலு விரல். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவளை வண்டியில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டுத் தொய்வு பார்த்தேன். சரியாக இருந்தது.

அந்த ஆரஞ்சுத் துணியைக் கொடுத்தேன். உங்கள் வண்டியிலும் பால்காரர் வண்டியிலும் அன்று கழற்றிய இரண்டு கறுப்புக் கிளிப்பும் அதில் இருந்தன. பொன் நிறத்தது என் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அது என்னங்க சித்தப்பா?" என்று கேட்டாள். முழுதையும் சொன்னேன். நான் திருப்பி மாட்டியது என்பதிலிருந்து தொடங்கினேன். கேட்டு முடித்து, "இது உங்குளுதுங்க. நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நாற்பதுக்கு மேல் போக மாட்டாள் என்று நினைக்கிறேன்.

கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன் அண்ணா. ஒடிந்த முனை கூர்மை. குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. இடம் மாற்றி வைக்கலாம். வைக்க மாட்டேன்.